நூற்றுப்பத்து டிகிரிக்கு ஒரு பதில்

சாமி,

நான் இங்கே சௌக்கியம் என்று ஆரம்பித்தால் அது பொய்யாகப் போகும். நான் கோபமாக இருக்கிறேன். ஆனால் கோபம் வந்தால்தான் எனக்கு நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது. ஆகையால் சௌக்கியம்தான் என்று வைத்துக்கொள். உன் அத்தையும் சௌக்கியம். மரகதத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், மாமாதான் முன்னால் நின்று நடத்தித் தரவேண்டும், பழசையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று மேட்டூரிலிருந்து மூன்றே வரி எழுதிப் போட்டுவிட்டாய். கெமிஸ்ட் வேலைக்குப் போனதிலிருந்து உனக்கு எழுத்தில் சிக்கனம் வந்துவிட்டது. எனக்கு அந்த வியாதி கிடையாது. விளக்கமாகத்தான் எழுதுவேன். இதை நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டியதில்லை. லேபில் உன்னோடு வேலை பார்க்கிறவர்களை உட்காரவைத்து உரக்கப் படி. கணக்கில் தப்பு இருந்தால் அவர்களே சொல்லட்டும். இருக்காது.

உன்னை நான் பெறவில்லை. என் அக்காளும் உன் அப்பனும் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடினபோது நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு இறக்கிவிடாதவன், நீ மீசை வைத்த பிறகும் இறக்கிவிடவில்லை. எட்டாவது வகுப்பில் பாதியில் நின்றவன் உன் மாமன் என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. எனக்கு ஈடுகொடுக்க முடியாமல் பள்ளிக்கூடம்தான் நின்றது. அந்தப் பாதிப் படிப்பை வைத்துக்கொண்டு நாமகிரிப்பேட்டையில் நான் செய்த சோப்பைக் கொண்டுபோய் சீமையில் ஒரு ராணி குளித்ததாகக் கேள்வி. யார் சொன்னார்கள் என்று கேட்காதே. ஆகவே அப்பன் ஸ்தானத்தில் நின்று உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் உன் மாமனார் ஆகப்போகிற நாச்சிமுத்து யார் என்று தெரிந்துகொள். உனக்குத் தெரியும் என்பாய். மாப்பிள்ளைக்குத் தெரிகிற மாமனார் வேறு, கூட்டாளிக்குத் தெரிகிற ஆள் வேறு.

நயா பைசா வந்த புதிது. அவரும் நானும் கூட்டாகச் சோப்புப் பட்டறை போட்டிருந்தோம். பணம் அவருடையது, உழைப்பு என்னுடையது. அவர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்த சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டி, சாமி படத்துக்கு ஒரு முழம் பூ என்றால் அதற்கு ஒன்றரை முழம் போடுவார். மெட்ராசிலிருந்து வாங்கின ஒரு பழைய சோப்புப் புத்தகம் வைத்திருந்தார். எண்ணெயை நூற்றுப்பத்து டிகிரிக்குச் சூடாக்கு, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரை அதில் ஊற்றிக் கிளறு என்று அதில் போட்டிருக்கும். பட்டறையில் இருந்த பழைய தெர்மாமீட்டரில் பார்த்து அப்படியே செய்துகொண்டிருந்தோம். கொப்பரையின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் இதமாக இருக்கும், அவ்வளவு சூடுதான். சோப்பு வெண்ணெய் மாதிரி வரும். அந்தத் தெர்மாமீட்டர் ஒரு நாள் உடைந்தது. நாச்சிமுத்து சேலம் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். பளபளவென்று இருந்தது. நான்கூட அதற்குப் பொட்டு வைத்தேன்.

அது வந்த மறுநாள், கடன் கொடுப்பதற்காகப் பட்டறையைப் பார்வையிட சேலத்திலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். பூட்சு, தொப்பி, கைக்குட்டை எல்லாம் உண்டு. ஊர் முழுக்க வேலியோரம் கூடிவிட்டது. நான் அடுப்பெரித்தேன். நான் அடுப்பெரித்தால் எப்படி எரியும் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் புதுத் தெர்மாமீட்டரில் சூடு ஏறவே மாட்டேன் என்றது. நாற்பது, ஐம்பது என்று ஆமை மாதிரி நகர்ந்தது.

“நூத்திப்பத்து எங்கீங்க வந்துது? இன்னும் பாதிகூட ஏறலீங்க,” என்றேன்.

“வெறகப் போடுப்பா. புஸ்தகத்துல நூத்திப்பத்துன்னா நூத்திப்பத்துதான். படிச்சவன் எழுதுனது,” என்றார் நாச்சிமுத்து, ஆபீசர் காதில் விழும்படி.

போட்டேன். கடைசியில் நூற்றுப்பத்து வந்தது. எண்ணெய் அதற்குள் கிட்ட நிற்கமுடியாமல் அனல் அடித்தது. அவர் கையைக் காட்டினார், நான் காரத் தண்ணீரை ஊற்றினேன். சாமி, அதை எப்படிச் சொல்ல! கொப்பரை உறுமியது. நுரை எழும்பி, தென்னை மர உயரத்துக்குப் போய், குடை மாதிரி விரிந்து இறங்கியது. உன் அத்தை முழங்கால் உயரம்தான் என்பாள். அவள் அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள், அவளை நம்பாதே. ஆபீசரின் பூட்சு நுரைக்குள் காணாமல் போனது. என் முன்னங்கையில் பட்ட இடம் இன்னும் புளியம்பழத் தோல் மாதிரி இருக்கிறது, நீ சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டுதான் தூங்குவாய். வேலியோரக் கூட்டத்தில் எவனோ ஒருத்தன், “பொங்கலோ பொங்கல்!” என்று கூவினான். அவ்வளவுதான், ஊரே கூவியது. குலவை வேறு.

அதையும் பொறுத்திருப்பேன். அடுத்து நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. நாச்சிமுத்து தன் துண்டால் ஆபீசரின் பூட்சைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மன்னிக்கோணுமுங்க சார். எழுத்து வாசனையில்லாத ஆளை வெச்சுக்கிட்டு மாரடிக்கறனுங்க. டிகிரின்னா என்னன்னே தெரியாதுங்க இவனுக்கு.” ஆபீசர் தலையாட்டினார். தப்பு பட்டறையில் இல்லை, ஆளில்தான் என்று ஆகிவிட்டது. கடன் கிடைத்தது, பட்டறை கம்பெனி ஆயிற்று, ரயில் மார்க் சோப்பு பிறந்தது. என்னை அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். கூட்டாளியாக உள்ளே போனவன், பொங்கல்காரனாக வெளியே வந்தேன்.

பேர் என்றால் லேசு என்று நினைக்காதே. சந்தைக்குப் போனால் பொங்கல்காரர் வாரார் வழிவிடு என்பார்கள். கோயிலில் நின்றால் பின்னாலிருந்து யாராவது குலவை போடுவார்கள். நான் ஓர் எதிர்க்கேலி சொல்லிச் சிரிப்பேன், நூறு கேலிக்கு நூற்றொரு பதில் என்னிடம் உண்டு. ஆனால் நீ ஆறாவது படிக்கும்போது வாயில் ரத்தத்தோடு வந்தாயே, நினைவிருக்கிறதா? முன்பல் உடைந்திருந்தது. விழுந்துவிட்டேன் என்றாய். உன் அத்தை உப்புத் தண்ணீர் கொப்பளிக்கவைத்துத் துருவித் துருவிக் கேட்டதில்தான் உண்மை வந்தது. மாமனைப் பொங்கல் என்று சொன்ன பையனை நீ அடித்திருக்கிறாய், அவன் திருப்பி அடித்திருக்கிறான். அன்றைக்கு நான் பதில் சொல்லிச் சிரிக்கவில்லை. இப்போது நீ அந்தப் பல்லுக்குச் சேலத்தில் தங்கம் கட்டிக்கொண்டுவிட்டாய். உனக்குச் சரியாகிவிட்டது. எனக்கு ஆகவில்லை.

நாச்சிமுத்து கம்பெனி இருந்த அதே தெருவின் இந்தக் கோடியில் நான் ஆமை மார்க் போட்டேன். சோப்பு அறுக்க அவருக்கு மெஷின், எனக்குக் கம்பி. அவருக்கு லாரி, எனக்கு சைக்கிள் கேரியர். ஊரில் பாதி என் சோப்புதான் வாங்கியது என்று எழுத ஆசை. கால்வாசி வாங்கியது. தெர்மாமீட்டர் என்ற சாமானே என் பட்டறைக்குள் வரக்கூடாது என்று வைத்திருந்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தே சூடு பார்த்தேன். ஆனாலும் அந்த நூற்றுப்பத்து தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. புத்தகத்தில் சொன்னதைத்தானே செய்தேன், பிறகு ஏன் பொங்கியது? எனக்கு விளங்கவில்லை.

விளங்கினது காய்ச்சலில். நீ பி.யூ.சி. லீவுக்கு வந்திருந்தாய். கம்பவுண்டர் என் நாக்கடியில் காய்ச்சல் பார்க்கிற குழாயை வைத்து எடுத்து, “நூத்தி ரெண்டு இருக்குதுங்க,” என்றார். நான் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தேன்.

“நூத்தி ரெண்டா? யோவ், நூத்திப்பத்துல எண்ணெயே பொங்கி ஊரைக் கூட்டுச்சு. இன்னும் எட்டு ஏறுனா நானும் பொங்கிருவனா?”

கம்பவுண்டர் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று இன்னொரு மாத்திரை கொடுத்தார். உன் அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. “மாமா, அந்தத் தெர்மாமீட்டர்ல கொதிக்கற தண்ணி எத்தனை காட்டுச்சு?” என்று கேட்டாய். வாங்கிவந்த அன்றைக்கே வெந்நீரில் விட்டுப் பார்த்திருந்தோம், நூறு என்றேன். உன் முகம் மாறியது பார், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மருந்துச் சீட்டைத் திருப்பி அதன் முதுகில் கணக்குப் போட்டாய். டிகிரியில் இரண்டு சாதி உண்டு மாமா, ஒன்று ஃபாரன்ஹீட், ஒன்று சென்டிகிரேட் என்றாய். கம்பவுண்டர் குழாய் ஃபாரன்ஹீட். பழைய சோப்புப் புத்தகமும் ஃபாரன்ஹீட். அதில் தண்ணீர் உறைவது முப்பத்திரண்டில், கொதிப்பது இருநூற்றுப் பன்னிரண்டில். புது அளவுகள் வந்த பிறகு கடைக்கு வந்த தெர்மாமீட்டரோ சென்டிகிரேட். அதில் உறைவது சைபரில், கொதிப்பது நூறில். ஃபாரன்ஹீட்டைச் சென்டிகிரேட்டாக மாற்ற முதலில் முப்பத்திரண்டைக் கழி, பிறகு ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகு. நூற்றுப்பத்தில் முப்பத்திரண்டு போனால் எழுபத்தெட்டு. ஐந்தால் பெருக்கினால் முந்நூற்றுத் தொண்ணூறு. ஒன்பதால் வகுத்தால் நாற்பத்து மூன்று சொச்சம்.

நாற்பத்து மூன்று! அந்தப் புதுத் தெர்மாமீட்டரில் நாற்பத்து மூன்று காட்டினபோதே நிறுத்தியிருக்க வேண்டும், சாமி. நாங்கள் நூற்றுப்பத்து வரைக்கும் ஏற்றினோம். அதைத் திருப்பிப் போடச் சொன்னேன். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினாய். இருநூற்று முப்பது. தண்ணீர் கொதிக்கிற இருநூற்றுப் பன்னிரண்டையும் தாண்டின எண்ணெயில் போய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம், அது உடனே ஆவியாகிப் பொங்காமல் என்ன செய்யும்? பொங்கினது என் தற்குறித்தனம் அல்ல. அவர் வாங்கிவந்த கருவி. ஆகவே முதல் புத்தி இதுதான், எழுதி வைத்துக்கொள்: எவன் உன்னிடம் நம்பரை மட்டும் சொல்கிறானோ, அவனைக் கழுத்தைப் பிடித்து அது எந்த அளவையில் என்று கேள். டிகிரியா, எந்த டிகிரி? எடையா, சேரா கிலோவா? கேட்காமல் விட்டால் பூட்சு துடைக்கிறவன் தப்பித்துக்கொள்வான், அடுப்பெரித்தவன் மாட்டிக்கொள்வான்.

காய்ச்சல் அன்றே இறங்கிவிட்டது. வேறொன்று ஏறியது. உன் புத்தகத்தில் இன்னும் என்னென்ன இருக்கிறது சொல் என்று அந்த லீவு முழுக்க உன்னை உட்காரவைத்தேன். நீ மோல் என்று ஒன்று சொன்னாய். அது எடையில்லை, எண்ணிக்கை என்றாய். ஆறு என்று போட்டு இருபத்துமூன்று சைபர் போடுகிற எண்ணிக்கை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நம் பக்கம் வெற்றிலையைக் கவுளி கணக்கில்தானே விற்கிறோம். கவுளி என்றால் நூறு இலை. கொழுந்து வெற்றிலையும் கவுளிக்கு நூறுதான், முற்றின வெற்றிலையும் நூறுதான். ஆனால் தராசில் வைத்தால் முற்றினது கனக்கும். அப்படித்தான் மோலும். இந்த உதாரணத்தை நீ சொன்னாயா நான் சொன்னேனா என்று உன் அத்தைக்குச் சந்தேகம் இருக்கிறது. நான்தான். காஸ்டிக் சோடாவில் சோடியம் இருபத்துமூன்று, ஆக்சிஜன் பதினாறு, ஹைட்ரஜன் ஒன்று, ஆக ஒரு மோல் நாற்பது கிராம். காஸ்டிக் பொட்டாஷில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம், முப்பத்தொன்பது. ஆக ஒரு மோல் ஐம்பத்தாறு கிராம். ஒன்று கொழுந்து, ஒன்று முற்றல். எண்ணெய் உன்னிடம் கேட்பது எத்தனை கவுளி என்றுதான், எத்தனை கிலோ என்று அல்ல. இதைப் படித்து முடித்தபோது உன் மாமனுக்கு ஒரு தைரியம் வந்தது. எதற்கு என்று அப்போது தெரியவில்லை. அந்தக் கணக்கை அரிவாள் மாதிரி தீட்டிக் கூரை எரவாணத்தில் செருகி வைத்தேன்.

பிறகு எல்லையில் சண்டை வந்து சாமான் தட்டுப்பாடு வந்ததே, அந்த வருஷம் காஸ்டிக் சோடா எங்கேயும் கிடைக்கவில்லை. நான் கொஞ்சம் பதுக்கி வைத்திருந்தேன். நாச்சிமுத்து சேலத்திலிருந்து டிரம் டிரம்மாக ஏதோ வாங்கிவந்தார். அவருடைய மேஸ்திரி ரங்கன் டீக்கடையில் என்னிடம் வந்தான். நல்ல பையன், வாய்தான் நீளம்.

“ஏனுங்க மாமா, இந்த டிரம்மு புதுசா இருக்குதுங்க. காஸ்டிக் பொட்டாசாம். சோடாவுக்குப் பதுலா அதே எடை போட்டாப் போதுமுன்னு மொதலாளி சொல்றாருங்க. ஆகுமுங்களா?”

“ஆகாம என்னடா? ரெண்டும் காஸ்டிக்தான? அண்ணந்தம்பி மாதிரி.”

“இல்லீங்க, உங்களுக்கு ஏதோ கெமிஸ்டிரி தெரியும்னு ஊருல பேச்சு.”

“எனக்கு டிகிரின்னா என்னன்னே தெரியாதுடா. உங்க மொதலாளியவே கேளு. எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவரு.”

பத்து கிலோ சோடா என்றால் இருநூற்றைம்பது மோல். அதே இருநூற்றைம்பது மோலுக்குப் பொட்டாஷ் பதினான்கு கிலோ வேண்டும். அவர் போட்டது பத்து கிலோ. நூற்று எழுபத்தெட்டு மோல் சொச்சம்தான் தேறியது. மீதி எண்ணெய் எண்ணெயாகவே நின்றது. கணக்குச் சரியாகப் போட்டிருந்தாலும் பொட்டாஷ் சோப்பு கட்டியாகாது மாமா, கொழகொழவென்றுதான் இருக்கும் என்று நீ பின்னால் எழுதினாய். அது கடவுள் தன் பங்குக்குப் போட்டது. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ரயில் மார்க் சோப்பு சாக்கைவிட்டு ஒழுகியது. நான் வாழையிலை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். ஒரு கரண்டி கேட்டேன்.

“மொதலாளி, களி நல்லா வந்திருக்குதுங்க. தொட்டுக்க வெல்லம் உண்டுங்களா?”

சந்தை முழுக்கச் சிரித்தது. ஆட்டுச் சந்தைக்கு வந்திருந்த மேச்சேரி ஆட்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள், ஆடுகளும் சிரித்தன. நீ மட்டும் சிரிக்கவில்லை. அது தப்பு மாமா, தெரிந்தும் சொல்லாமல் விட்டது தப்பு என்று காலேஜிலிருந்து எட்டுப் பக்கம் எழுதினாய். உன் நல்ல மனசு உன் அம்மாவுடையது. அதை நான் மெச்சுகிறேன், பின்பற்றுவதாக இல்லை. சந்தையில் ஒரு நாள் சிரித்தார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவர் நல்ல சோடா வாங்கிவிட்டார், களி மறந்துபோயிற்று. என் பேர் மறையவில்லை. இரண்டாவது புத்தி: பழிக்குப் பழி கொடுக்கும்போது எடைக்கு எடை கொடுத்து ஏமாறாதே. அவர் என் மேல் வைத்தது எத்தனை மோல், நான் திருப்பினது எத்தனை மோல் என்று எண்ணிப் பார்.

இதுவரைக்கும் நான் அவரை முட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டும் காலியான மண்டையும். அந்த நினைப்பே எனக்கு ஒரு சாப்பாடு மாதிரி. நேற்று அதுவும் போயிற்று.

நேற்று மத்தியானம் நான் சோப்புக் கட்டியைக் கம்பி போட்டு அறுத்துக்கொண்டிருந்தேன். பட்டறை வாசலில் நாச்சிமுத்து நின்றார். பட்டு அங்கவஸ்திரம், கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், உன் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பெண்ணின் அப்பன் நேரில் வந்து அழைக்காமல் நம் பக்கம் கல்யாணம் நடக்காது அல்லவா. உன் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

“வாங்க சம்பந்தி, வாங்க. ஊட்டுக்குள்ள வராம ஏனுங்க வெளியவே நிக்கறீங்க?”

“சம்பந்தி இன்னும் ஆவலை,” என்றேன். “சோப்பு வாங்க வந்திருந்தா உக்காரச் சொல்லு.”

“பத்திரிகை வெக்க வந்தனுங்க,” என்றார். குரல் முன்பு மாதிரி இல்லை, உடம்பும் இளைத்துத்தான் இருந்தார்.

“தட்டை அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஒரு கணக்குக் கேக்கறேன். நூத்திப்பத்து ஃபாரன்ஹீட்டு, சென்டிகிரேட்டுல எத்தனைங்க?”

அவர் விழிப்பார், நான் அந்த மருந்துச் சீட்டுக் கணக்கை ஒவ்வொரு வரியாகச் சொல்லி அவரை மிதிக்கலாம் என்று காத்திருந்தேன். கம்பியைக்கூடக் கீழே வைத்துவிட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நாப்பத்தி மூணு சொச்சமுங்க.”

“எப்பத் தெரியும்?”

“அன்னைக்குச் சாயங்காலமேங்க. தெர்மாமீட்டர் டப்பாவை எடுத்துப் பாத்தேன். மூடியிலயே சென்டிகிரேட்டுன்னு அச்சுப் போட்டிருந்துது.”

உன் அத்தை வாயில் கை வைத்தாள். நான் கீழே வைத்த கம்பியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

“கடன் காயிதத்துல ஆபீசர் கையெழுத்துப் போட்டிருந்தாருங்க. தப்பு எம்பேர்லன்னு தெரிஞ்சா கிழிச்சுப் போடுவாருன்னு பயம். நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பறம் ஊரே கூவ ஆரம்பிச்சுருச்சு.”

“எங்க ஊட்டுப் பையன் பல்லு ஒடஞ்சு வந்தப்பவும் தெரியும்?”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுக்கிட்டுத்தான் எதுத்தாப்பல வண்டியில போயி வந்தீங்க?”

“ஆமாங்க.” தட்டை இறக்கிவைத்தார். “இங்கயே உங்க கால்ல உழுகச் சொன்னாலும் உழுகறேன். சபையில மட்டும் வேண்டாமுங்க. பொண்ணு கல்யாணமுங்க.”

“கால்ல உழுந்தா எங்காலுக்கு மட்டுந்தானுங்க தெரியும். கூவுனது ஊரு.”

“ஏனுங்க, விடுங்க, பெரிய மனுசன் இவ்வளவு எறங்கி வந்திருக்கறாரு,” என்றாள் உன் அத்தை. நீ இங்கே இருந்திருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். தெரியாமல் செய்தவனை விடலாம், சாமி. முட்டாளின் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான் இருந்தது, அதை நுரை மாதிரி ஊதிவிட்டிருக்கலாம். இவர் கணக்குத் தெரிந்தவர். விடையை மடியில் கட்டிக்கொண்டு, நான் தெருத்தெருவாகக் கேலி வாங்கினதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். சர்டிபிகேட்டுக்கு இவ்வளவு காலம் பூப்போட்டாரே, அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்திருக்குமா இல்லையா? மூன்றாவது புத்தி, இதுதான் கடைசி: மன்னிப்பை எவன் தனியாக வந்து கேட்டாலும் கொடுக்காதே. அவமானம் எங்கே நடந்ததோ அங்கே வந்து கேட்கச் சொல்.

ஆனால் அழைப்பை நான் மறுக்கவில்லை. நீ என் பிள்ளை. மரகதம் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் சந்தையில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாள், அவள் அப்பனுக்குத் தெரியாமல் ஆமை மார்க் சோப்பு வாங்கினாள் என்றுகூடக் கேள்வி. தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். பாக்கை எடுக்கவில்லை. வெற்றிலை எடுத்ததால் கல்யாணத்துக்கு வருவேன். பாக்கு எடுக்காததால் கணக்கு இன்னும் முடியவில்லை. நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. பாக்கு அப்படியே இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போனார். வண்டியைக்கூடத் தெருக்கோடியில்தான் நிறுத்தியிருந்தார்.

இப்போது நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன், கவனமாகக் கேள். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தலைக்கு உருமால் தலைப்பாகை கட்டுவது தாய்மாமன் முறை. என் கை படாமல் உன் தலையில் உருமால் ஏறாது, உருமால் ஏறாமல் நீ மணவறைக்குப் போக முடியாது. புதுத் துணியை ஈரோட்டில் சொல்லிவிட்டேன், ஐந்து முழம், சரிகை போட்டது. அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பந்தலில் உன் பின்னால் நிற்பேன். நாச்சிமுத்து எழுந்து நின்று சபையைப் பார்த்து மூன்றே சங்கதி சொல்ல வேண்டும். தெர்மாமீட்டர் நான் வாங்கினது. அது சென்டிகிரேட். அது எனக்கு அன்றைக்கே தெரியும். சொன்னால் கட்டுகிறேன், ஊரே பார்த்திராத மாதிரி கட்டுகிறேன், அவர் கையாலேயே பாக்கும் வாங்கி மெல்லுகிறேன். சொல்லாவிட்டால் துணியோடு நிற்பேன். முகூர்த்தம் போனால் அடுத்த முகூர்த்தம் வரும். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கினால் உட்கார்ந்து ஓய்வெடுக்கட்டும், அவருக்கும் சேர்த்து நான் சாப்பாடு சொல்லிவிடுகிறேன்.

நீ கெமிஸ்ட், இரக்கம் உள்ளவன். நாச்சிமுத்து எழுந்து நின்று வார்த்தை வராமல் தொண்டையைச் செருமுவார். உன் அத்தை என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். ஐயர் நாழிகை பார்ப்பார். அந்த நேரத்தில் அவருக்குப் பதிலாக நீ பேசிவிடலாம் என்று உனக்குத் தோன்றும், பேசிவிடாதே. எடுத்துக்கூடக் கொடுக்காதே. உன் மாமனார் வாயிலிருந்து அது தானாக வர வேண்டும். மரகதம் கண்ணில் தண்ணீரோடு உன்னைப் பார்ப்பாள். அப்போது நீ திரும்பி, துணி பிடித்திருக்கிற என் முன்னங்கையைப் பார்.

உன் மாமன்